கிணற்றடியில் கேட்ட சொல்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. இறந்துபோன என் தங்கையின் பிள்ளைகள் இரண்டும் என் கையால்தான் சாப்பிட்டு ஆளாயின. ஏழு பேரில் ஒருவரும் பசி என்று இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது. வரட்டும். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு சாட்சி எழுதித் தரும்படி போதகரின் மனைவி கேட்டார்கள். கஷ்டத்தில் ஆண்டவர் எப்படி நடத்தினார் என்று எழுத வேண்டும். நான் வாயாலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வாயால சொன்னா நீங்க நிறுத்த மாட்டீங்கம்மா. எழுதினா கை வலிச்சாவது நிறுத்துவீங்க" என்றார்கள்.

அது சரிதான். அதனால் எழுதுகிறேன்.

நான் லங்காவில் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புவரை போனேன். மூத்தவன் இடுப்பில் இருக்கும்போது கப்பலேறி இந்தியாவுக்கு வந்தோம். வந்தவர்களை நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். சில வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்கு போர்ட் பிளேரில் பி.டபிள்யூ.டி.யில் மஸ்தூர் வேலை, கூலி வேலைதான், கிடைத்தது. டவுனுக்கு வெளியே, சிப்பிகாட்டில் ஒரு சரிவில் வீடு போட்டோம். வீட்டுக்குக் கீழே, ஓடையை ஒட்டின பள்ளத்தில் இரண்டு துண்டு நெல்வயல். அவர் கண்ணை மூடின பிறகும் அந்த வயல் எங்களுக்குச் சோறு போட்டது. வயலும் ஒரு மாடும்.

சிவப்பு மாடு. அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. "ஏ மாடு" என்றால் திரும்பிப் பார்க்கும். நான் கூப்பிட்டால்தான் பார்க்கும், மருமகள் கூப்பிட்டால் பார்க்காது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எங்களுக்கு மேலே, சரிவின் உச்சியில், ஒரு ராஞ்சிக் குடும்பம். அந்தப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களை இங்கே எல்லாரும் ராஞ்சி என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுப் பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள். என்னை தீதி என்று கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். அவளும் ஏசுவை நம்புகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே கோயில்தான். முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் ஹிந்தி ஆராதனை. நாங்கள் இறங்குகிற படியில் அவர்கள் ஏறுவார்கள். அந்தப் படியில் நின்று அந்த வாரக் கதையெல்லாம் பேசிவிடுவோம்.

அவளுக்குத் தமிழ் அரைகுறை. என் ஹிந்தி நல்ல ஹிந்தி. அபர்தீன் பஜாரில் மீன் பேரம் பேசிப் பழகின ஹிந்தி. அதில் எனக்குத் தெரியாத சொல் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

சுனாமி வந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு போர்ட் பிளேரில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்கு எல்லாருமாகப் போனோம். போகும்போது மாட்டை ராஞ்சிக்காரியிடம் ஒப்படைத்தேன்.

"பால நீயே எடுத்துக்க. மாட்ட மட்டும் பாத்துக்க."

"ஜாவ் தீதி. கேக் லானா" என்றாள். போய் வா, கேக் கொண்டு வா என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நிலம் ஆடியது. அதைப் பற்றி இந்தத் தீவில் இருக்கிறவர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. கடல், ஓடை வழியாக ஏறி வந்து சிப்பிகாட்டுப் பள்ளத்தை நிரப்பிவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது ரோடு தண்ணீருக்குள் இருந்தது. மேட்டு வழியாகச் சுற்றி நடந்து வந்தோம். வீடு நின்றது, சுவரில் விரிசல் விட்டிருந்தது. வயல் இருந்த இடத்தில் தண்ணீருக்குள் வானம் தெரிந்தது.

தண்ணீர் வடிந்துவிடும் என்று காத்திருந்தோம். வடியவில்லை. நிலமே கீழே இறங்கிவிட்டது என்று சர்க்கார் ஆட்கள் வந்து பார்த்துச் சொன்னார்கள். கடல் ஏறும்போதெல்லாம் வயலுக்குள் வந்துவிட்டுப் போனது, சொந்த வீட்டுக்கு வந்து போகிற மாதிரி. மாட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கச்சாலில் எங்களோடு கப்பலில் வந்த குடும்பங்கள் குடும்பமாகவே இல்லாமல் போன நேரம் அது. அப்போது போய் மாடு மாடு என்று யாரிடம் அழுவது. சமையல்கட்டில் விறகு ஊதும்போது அழுதுகொள்வேன். புகை என்று மருமகள் நினைத்துக்கொள்வாள்.

எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. ராஞ்சிக்காரியின் கிணறு மேட்டில் இருந்ததால் நல்ல தண்ணீராகவே இருந்தது. கீழே இருந்த எல்லா வீடுகளும் அந்தக் கிணற்றுக்குத்தான் பால்டியைத் தூக்கிக்கொண்டு போயின. நானும் போனேன். போகும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல இருந்தது. நான் நின்றால் அவள் உள்ளே போய்விடுவாள். கிணற்றில் தண்ணீர் குறைகிறது என்று அவள் புருஷன் யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது.

ஒரு நாள் காலை நான் பால்டியோடு போனபோது அவள் கிணற்றடியிலேயே நின்றாள். வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினாள். தலையைக் குனிந்துகொண்டு, "மாஃப் கரோ, தீதி" என்றாள்.

பஜாரில் கை நீட்டுகிறவர்களைப் பார்த்துக் கடைக்காரர்கள் இப்படித்தான் கையைக் கூப்பி "மாஃப் கரோ" என்பார்கள். மன்னித்துவிடு என்பது அதன் நேர் அர்த்தம். ஆனால் கடை வாசலில் அதற்கு அர்த்தம் வேறு. உனக்குத் தர ஒன்றுமில்லை, அடுத்த கடைக்குப் போ என்று அர்த்தம். பிச்சைக்காரரைத் திட்டாமல் துரத்துகிற சொல் அது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலிப் பால்டியோடு திரும்பினேன். "தீதி, தீதி" என்று பின்னால் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு பேரை வளர்த்தவள், ஒரு பால்டி தண்ணீருக்குப் பிச்சைக்காரியாகி நின்றேனே என்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து தண்ணீர் எடுக்கக் கீழே, மண் கொட்டி உயர்த்தியிருந்த மெயின் ரோட்டுக்குப் போனோம். அங்கே டாங்கர் வரும். வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அங்கிருந்து மேடு ஏறித் தூக்கி வர வேண்டும்.

"ஏன் அத்தை, கிணறு மேல இருக்கு, நாம கீழ போறோம். கிணறு என்ன பண்ணிச்சு" என்பாள் மருமகள்.

"உனக்குக் கை வலிச்சா நான் தூக்குறேன்."

"எனக்குக் கை வலிக்கல. உங்களுக்குத்தான் எங்கயோ வலிக்குது."

ஒரு தடவை ராஞ்சிக்காரி தன் மகள் கையில் ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினாள். நல்ல பழம், வாசனை வீடு முழுக்க நிறைந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். என் பேரப்பிள்ளைகள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

கோயிலில்தான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. சகோதரி மேல் மனத்தாங்கல் வைத்துக்கொண்டு திருவிருந்துக்குப் போகக் கூடாது என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சமாதானமாகிவிட்டு வா என்பதுதான் கட்டளை. நான் சமாதானமாகவில்லை. என் மேல் தப்பில்லையே, அவளே வரட்டும் என்று இருந்தேன். அதனால் திருவிருந்து நாளில் எங்கள் வரிசை எழுந்து முன்னால் போய் முழங்கால் போடும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அப்பமும் திராட்சரசமும் எனக்கு இல்லாமலே முடிந்துவிடும். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து விடாமல் எடுத்தவள் நான். வயல் போனபோதுகூட எனக்கு அவ்வளவு வெறுமையாக இல்லை. வயலைக் கடல் எடுத்துக்கொண்டது. இதை நானேதான் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், எடுக்கவும் முடியவில்லை.

"என்னக்கா, முட்டி வலியா" என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள்.

"ஆமா, முட்டி வலி."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் ஒருத்தி தைலம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி நிக்கோபார் தேங்காயெண்ணெயில் ஏதோ இலையைப் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஜங்கிலிகாட்டில் நரம்பைத் தடவிவிடுகிற ஆள் இருக்கிறார், கூட்டிப்போகிறேன் என்றாள் மற்றொருத்தி. வீட்டு ஜன்னலில் எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக நின்றன.

"வீட்டுல வலிக்காத முட்டி கோயில்ல மட்டும் வலிக்குது" என்றாள் மருமகள், புட்டிகளைத் துடைத்து வைத்துக்கொண்டே.

அவள் சொன்னது உண்மை. வீட்டில் தினமும் விடிகாலையில் முழங்கால் போடுவேன். போட்டு என்ன, ஜெபம் வராது. சமாதானத்துக்காகக் கேட்க ஆரம்பிப்பேன், வழக்குச் சொல்வதில் முடியும். வயலைக் கேட்டேன், நீர் தரவில்லை. மாட்டைக் கேட்டேன், தரவில்லை. நீரும் கையைக் கூப்பி என்னை அடுத்த வாசலுக்கு அனுப்பிவிட்டீரா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

அதற்காக அவர் எங்களைப் பட்டினி போட்டார் என்று சொன்னால் பொய். வயலுக்குள் கடல் வந்ததா, அதோடு இறாலும் மீனும் வந்தன. நெல் அறுத்த இடத்தில் என் மகன் வலை போட்டான். சரிவில் கத்தரியும் மிளகாயும் வைத்தோம், நன்றாகக் காய்த்தது. ஒரு வேளையும் அடுப்பு எரியாமல் இல்லை. நான்தான் கை நிறைய வாங்கிக்கொண்டே, கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இரண்டு மழைக்காலம் போனது.

ஒரு மத்தியானம் வாசலில் மாட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ராஞ்சிக்காரி நின்றாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கிடாரிக் கன்று. அவள் மாடு ஈன்ற கன்று, பால் மறந்து புல் கடிக்கிற வயது. நான் வாசற்படிக்கு உள்ளே நின்றேன். அவள் வெளியே, வெயிலில். கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"மாஃப் கரோ, தீதி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னத்துக்கு மாஃப் கரோ? நான் உன்கிட்ட இப்ப என்ன கேட்டேன்? என் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு என்னையே போங்கிறியா?"

அவள் முழித்தாள். நானும் பாதியில் நிறுத்திவிட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அந்தச் சொல்லை வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் வெளியே நிற்பவர்களுக்குச் சொல்வார்கள். வெளியே நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்களைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா? இவள் வெளியே நிற்கிறாள். நான் உள்ளே நிற்கிறேன். அப்படியென்றால் இவள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. நேர் அர்த்தத்தில் சொல்கிறாள். அன்று கிணற்றடியிலும் நேர் அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறாள்.

"எதுக்கு மாஃபி கேக்குற" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"தீதிக்குத் தெரியாதா?" என்றாள். "தெரிஞ்சுதானே பேசல. பலாப்பழமும் வாபஸ்."

"தண்ணி இல்லன்னு சொல்லி அனுப்பினியே, அதுக்குத்தான் பேசல."

"நான் எப்போ சொன்னேன் பானி நஹீ?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். இவள் எனக்குத் தண்ணீர் தரவில்லை என்று நான் இருந்தேன். நான் இவளுக்கு மன்னிப்புத் தரவில்லை என்று அவள் இருந்திருக்கிறாள்.

அப்புறம் அவள் சொன்னாள். நிலம் ஆடின அன்று காலை பால் கறந்துவிட்டு என் மாட்டைக் கீழே வரப்பில், புல் நல்லதாக இருக்கிறது என்று முளையடித்துக் கட்டியிருக்கிறாள். நிலம் ஆடினதும் தன் பிள்ளைகளைத் தேடி ஓடினாள். சின்னது இரண்டும் கீழேதான் விளையாடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்போது மாடு நின்ற இடத்தைத் தாண்டித்தான் ஏறினாள். ஓடையில் தண்ணீர் வருவது தெரிந்தது. மாடு அவளைப் பார்த்துக் கத்தியது. அவள் அவிழ்க்கவில்லை.

இரண்டு மழைக்காலமாக நான் மன்னிக்க முடியாமல் வைத்திருந்தது நடக்கவே இல்லாத ஒரு காரியம். மன்னிக்க வேண்டியது இப்போதுதான் என் வாசலுக்கு வந்திருக்கிறது. கடல் கொண்டுபோனது என்று நினைத்த மாடு, கயிற்றோடு நின்றபடியே போயிருக்கிறது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கன்று என் செம்பருத்தியைத் தின்ன ஆரம்பித்தது.

அவளும் அழுதுகொண்டே கீழே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "ஏக் ஹாத் மே பிள்ளை. தூஸ்ரா ஹாத் மே பிள்ளை. தீஸ்ரா ஹாத் நஹீ தா, தீதி."

ஒரு கையில் ஒரு பிள்ளை, மறு கையில் ஒரு பிள்ளை. மூன்றாவது கை இருக்கவில்லை அக்கா.

அந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஏழு பேரை வளர்த்தவள். அந்த வரப்பில் நான் நின்றிருந்தால் எந்தப் பிள்ளையின் கையை விட்டுவிட்டு முளைக்கயிற்றை அவிழ்த்திருப்பேன்? ஒன்றையும் விட்டிருக்க மாட்டேன். மாட்டைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அந்தச் சத்தத்தை இத்தனை நாளும் காதில் வைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

"பிள்ளையை விட்டுட்டு மாட்டை அவுத்திருந்தா நான் உன்னைச் செருப்பால அடிச்சிருப்பேன்" என்றேன். "மாஃப். போதுமா? எல்லாம் மாஃப். எந்திரி."

அவள் எழுந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றை என் கையில் திணித்தாள். "லோ, யே துமாரா" என்றாள், இது உன்னுடையது என்று.

"இது எதுக்கு?"

"அந்த மாட்டுக்கு பத்லா."

பத்லா என்றால் ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் படிக்காதவள், ஆனாலும் இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். தினமும் விடிகாலையில் என்னை மன்னியும் என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். அவர் ஒரு நாளாவது அதற்குக் கன்றுக்குட்டி கேட்டதில்லை. என்ன தருகிறாய் என்று கையைப் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் நான் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்? வயலும் தண்ணீருக்குள் கிடக்கிறது.

"இன்னிக்கு இது வேணாம். வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ. இன்னிக்கு வாங்கினா நான் மாஃபியை வித்த மாதிரி ஆயிடும்."

"தீதி, மலையேத்திக் கொண்டுபோய்த் திரும்ப இறக்கணுமா?"

"ஆமா. அடுத்த வாரம் சும்மா குடு. சும்மா குடுத்தா வாங்கிக்கிறேன்."

"பாகல் தீதி" என்றாள். பைத்தியக்கார அக்கா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "சரி, பலாப்பழம்?"

"பலாப்பழம் இன்னிக்கே குடு."

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இரண்டு பால்டியை எடுத்துக்கொண்டு நேராக மேலே ஏறிப் போய்விட்டாள். கன்று அடுத்த வாரம் சும்மாதான் வந்தது, கழுத்தில் ஒரு மணியோடு.

அதற்கு அடுத்த திருவிருந்து நாளில் நான் தமிழ் ஆராதனைக்குப் போகவில்லை. தாமதமாகக் கிளம்பி, எங்கள் ஆட்கள் படியிறங்கும்போது ராஞ்சிக்காரியோடு படியேறினேன். "என்னக்கா, நேரம் மறந்துட்டீங்களா" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஹிந்தி ஆராதனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஜெபம் பண்ணுகிறவர் "மாஃப் கர், பிரபு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை வருடமாகப் படியில் நின்றுகொண்டு இதைக் கேட்டிருக்கிறேன். சபை முழுவதும் கைகூப்பி அந்தச் சொல்லைச் சொன்னது, ஆண்டவரின் வாசலில் நின்றுகொண்டு. அவர் யாரையும் அடுத்த வாசலுக்கு அனுப்பவில்லை. எங்கள் வரிசை எழுந்தது. நான் முன்னால் போய் முழங்கால் போட்டேன். என் கையில் அப்பம் வந்தது.

எண்ணெய் கொண்டுவந்தவளுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. தன் எண்ணெய்தான் வேலை செய்தது என்று இன்றுவரை சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

இதுதான் என் சாட்சி. வயல் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அதில் கண்டல் செடி முளைத்துப் பெரிதாகிவிட்டது, கொக்கு வந்து உட்காருகிறது. நான் கேட்டதையெல்லாம் ஆண்டவர் திருப்பித் தந்தார் என்று எழுதினால் அது கதையாகிவிடும். தரவில்லை. ஆனால் என்னை விடவில்லை. நான் வழக்குச் சொன்ன நாட்களிலும் அடுப்பை எரியவைத்தார். நான் கதவைச் சாத்தின பிறகும் ஒருத்தியை வெயிலில் நடத்திக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினார். கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஆண்டவர் சொல்வது காதில் கடுமையாக விழுந்தால், அவசரப்பட்டுத் திரும்பி நடந்துவிடாதீர்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள். நம்மைப் போகச் சொல்லும் சொல்லாக அது இருக்காது.

எழுதி முடித்துவிட்டேன் என்றதும் ராஞ்சிக்காரி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிய வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு என் எழுத்தே இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். வா கண்ணு, இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார். முதலிலிருந்து வாசி. ஒரு வரி தமிழில் வாசி, அதையே இவளுக்கு ஹிந்தியில் சொல்லு. மெதுவாகவே வாசி, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.